கடலோரத்தில் ஒரு கொத்தின அம்மி

முதல் தடவை போனபோது எனக்குக் கிடைத்தது இருபத்தைந்து நிமிடம். அடிலெய்டிலிருந்து ஒருநாள் சுற்றுலாப் பேருந்து. விடியற்காலையில் கிளம்பி, கேப் ஜெர்விஸில் கப்பலேறி, கங்காரு தீவின் கிழக்குக் கோடியில் இறங்கி, மேற்குக் கோடி வரை போய்விட்டு அன்றைக்கு ராத்திரியே வீடு திரும்புகிற ஏற்பாடு. ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறந்தார். மரநடைபாதையில் போக வரவே பத்து நிமிடம் ஆகிவிட்டது. மிச்ச நேரத்தில் ஐம்பது பேர் ஒரே பாறைக்கு முன்னால் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். வீட்டுக்கு வந்து பார்த்தால், என் படங்களில் பாறையைவிட மனிதர்களே அதிகம். அது 2018. பாறையை ஒரு தடவை கையால் தொட்டோமா என்றுகூட நினைவில்லை. அந்தக் குறை ஐந்து வருடம் மனதில் இருந்தது.

இரண்டாவது தடவை 2023 அக்டோபரில், அம்மாவோடு போனேன். அப்பா போய் ஒரு வருடம் முடிந்திருந்தது. புதுக்கோட்டைப் பக்கத்து வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று மாத விசாவில் அம்மா என்னிடம் வந்திருந்தாள். இந்தத் தடவை தீவின் தென்கரையில் விவோன் விரிகுடா பக்கம் ஒரு வாடகை வீடு எடுத்து இரண்டு ராத்திரி தங்கினோம். முதல் நாள் மட்டும் ஆறு மணி நேரம் அந்தப் பாறைமேல் இருந்தோம்.

பாறையின் பெயர் ரிமார்க்கபிள் ராக்ஸ். தென் ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில், ஃபிளிண்டர்ஸ் சேஸ் தேசியப் பூங்காவுக்குள், கிர்க்பேட்ரிக் முனை என்ற இடத்தில் இருக்கிறது. தீவு என்றதும் அம்மா மனதில் ராமேஸ்வரம் வந்துவிட்டது. பெனிஷாவில் கப்பலைவிட்டு இறங்கி ஒரு மணி நேரம் கார் ஓட்டிய பிறகும் கடல் கண்ணில் படாததால், "தீவுன்னா சுத்திக் கடல் தெரிய வேணாமா ஆத்தா?" என்று கேட்டாள். இது 4,405 சதுர கிலோமீட்டர். டாஸ்மேனியாவுக்கும் மெல்வில் தீவுக்கும் அடுத்து ஆஸ்திரேலியாவின் மூன்றாவது பெரிய தீவு. கிழக்கிலிருந்து மேற்குக் கோடிக்குச் சுமார் 150 கிலோமீட்டர்.

போகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். தேன் கொண்டுபோகாதீர்கள். அம்மா இருமலுக்கு என்று ஒரு சின்ன பாட்டிலில் தேன் எடுத்து வைத்திருந்தாள். கிளம்புவதற்கு முன்பே அதைப் பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன். 1880களில் இத்தாலியின் லிகூரியாப் பகுதித் தேனீக்களை இங்கே கொண்டுவந்து, 1885இல் சட்டம் போட்டுத் தீவையே அவற்றுக்குக் காப்பிடமாக்கினார்கள். வெளித் தேனோடு நோய் வந்துவிடக்கூடாது என்பதால் இன்றைக்கும் அந்தத் தடை இருக்கிறது. நரியும் முயலும்கூட இந்தத் தீவில் கிடையாது. ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் சின்ன விலங்குகளை அழித்ததில் நரிக்குப் பெரிய பங்கு உண்டு. அது இல்லாததால்தான் இங்கே கங்காரு இனத்துச் சின்ன வல்லபிகளும் முள்ளுடம்பு எக்கிட்னாக்களும் இவ்வளவு சாதாரணமாகச் சாலையைக் கடக்கின்றன. பொழுது சாய்ந்த பிறகு தயவுசெய்து வண்டி ஓட்டாதீர்கள். காலையில் சாலையோரத்தில் கிடந்த உடல்களை எண்ண ஆரம்பித்து, இருபதுக்குமேல் என்னால் முடியவில்லை.

பூங்காவுக்குப் பக்கத்தில் வந்ததும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். சாலையின் இரண்டு பக்கமும், கண்ணுக்கு எட்டிய மட்டும், இலையில்லாத மரங்கள். வெளுத்த, கருத்த குச்சிகள் வானத்தைப் பார்த்து நின்றன. கீழே மட்டும் அடர்ந்த பச்சை. "இம்புட்டு மரமும் எப்பச் செத்துச்சு?" என்று கேட்டாள்.

2019 டிசம்பர் 20ஆம் தேதி தீவின் வடக்கிலும், 30ஆம் தேதி மேற்கிலும் மின்னல் விழுந்து தீப்பிடித்தது. 2020 ஜனவரி 3ஆம் தேதி காற்று திரும்பியதும் தீ கட்டுக்குள் நிற்கவில்லை. இரண்டு பேர் இறந்தார்கள். அணைந்து முடிந்தபோது இரண்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல், அதாவது ஏறக்குறையப் பாதித் தீவு, எரிந்திருந்தது. ஃபிளிண்டர்ஸ் சேஸ் பூங்காவில் மிஞ்சியது சின்னச் சின்னத் துண்டுகள்தான். ராக்கி ரிவரில் இருந்த வரவேற்பு மையமும் போய்விட்டது. அந்த நாட்களில் நான் அடிலெய்டில் அலுவலகத்தில் உட்கார்ந்து அரை மணிக்கு ஒரு தடவை தீயின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு நிறம் தீவின் மேற்குப் பக்கம் முழுவதும் பரவியபோது, இருபத்தைந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு வந்த இடத்தை இனிமேல் சரியாகப் பார்க்கவே முடியாது என்றுதான் நினைத்தேன். பாறை எரியாது என்பது தெரியும். ஆனால் பாறையைச் சுற்றிக் காடு இல்லாமல் அந்த இடத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

காரை ஓரம்கட்டி அம்மாவைக் கீழே இறக்கிக் காட்டினேன். செத்தது மேல் கிளைகள்தான். இங்குள்ள குட்டை யூகலிப்டஸ்களுக்கு மல்லி என்று பெயர். மண்ணுக்கடியில் கிழங்கு மாதிரி தடித்த ஓர் அடிக்கட்டை அவற்றுக்கு உண்டு. மேலே எல்லாம் கருகினாலும் அந்தக் கட்டையிலிருந்து புதுசாகத் துளிர்க்கும். நாங்கள் பார்த்த பச்சை அந்தத் துளிர்தான். தீக்குப் பிறகு கொத்தாகப் பூக்கிற யாக்கா என்ற செடியும் நிறைய இருந்தது. அடி பனங்கட்டை மாதிரிக் கருப்பு, தலை வெட்டிவேர்ப் புதர் மாதிரி. அம்மா ஒரு துளிரைக் கிள்ளப்போய், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "பொழச்சு வந்தத ஏன் கிள்ளுவானேன்."

தூரத்திலிருந்து பார்த்தால் பாறை ஒன்றும் பெரிதாகத் தெரியாது. கடலோரம் ஒரு வழுக்கை மேடு. அதன் உச்சியில் நாலைந்து பல் முளைத்த மாதிரிக் கொஞ்சம் கற்கள். நடைபாதையில் நெருங்க நெருங்கத்தான் அளவு புரிய ஆரம்பிக்கிறது. மேடு என்று நினைத்தது கவிழ்த்துவைத்த அண்டா மாதிரி ஒரே கல். கடலுக்கு மேல் அறுபது, எழுபது மீட்டர் உயரத்தில் நிற்கிறது. பல் என்று நினைத்த ஒவ்வொன்றும் ஒரு வீடு அளவு. ஒன்று கழுகின் மூக்கு மாதிரி வளைந்திருக்கிறது, அதைத்தான் எல்லா அஞ்சலட்டையிலும் போடுகிறார்கள். இன்னொன்று தலைக்கவசம் மாதிரி. வருகிறவர்கள் எல்லோரும் இது என்ன மாதிரி, அது என்ன மாதிரி என்று விளையாடிக்கொண்டிருந்தார்கள். அம்மா அதில் சேரவில்லை. "நம்ம ஊரா இருந்தா ஒரு வேலு நட்டு வச்சுருப்பாக" என்று மட்டும் சொன்னாள். கழுகு மூக்குப் பாறையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, காலணியையும் காலுறையையும் கழற்றி நடைபாதையின் ஓரத்தில் வைத்தாள்.

நான் தடுத்தேன். அறுபத்தெட்டு வயது, முட்டிவலி வேறு. "வெறுங்கால்லதான் பிடிமானம் இருக்கும், நீ வா" என்று சொல்லி முன்னால் நடந்தாள். சொன்னது சரிதான். நடைபாதை முடிகிற இடத்தில் அந்தக் கல் நன்றாகக் காய்ந்து, சொரசொரவென்று, பாதத்தைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி இருந்தது. அம்மா மெல்லக் குந்தி உட்கார்ந்து கல்லின்மேல் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தாள்.

"நல்லாக் கொத்துன அம்மி மாதிரி இருக்கு ஆத்தா. இப்ப மொளகாய வச்சா ரெண்டே இழுப்புல அரஞ்சுரும்."

எங்கள் தெருவில் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை உளியும் சுத்தியலுமாக ஒருவர் வருவார். "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று அவர் குரல் கேட்டதும் அம்மா குழவியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். அரைத்து அரைத்து வழவழத்துப்போன கல்லில் அவர் புள்ளி புள்ளியாகக் கொத்திவிட்டுப் போனதும், முதல் நாள் அரைக்கிற எதையும் சமையலுக்குச் சேர்க்காமல் கொட்டிவிடுவாள். கல் மாவு இருக்கும். நாற்பது வருடம் கருங்கல்லோடு பழகிய கை. அந்தக் கை இந்தப் பாறையைப் பார்த்த விதத்தை நான் எங்கேயும் படித்ததில்லை.

சொரசொரப்புக்குக் காரணம் கல்லின் உள்ளேயே இருக்கிறது. முகத்தை நெருக்கிப் பார்த்தால் மூன்று நிறம் தெரியும். இளஞ்சிவப்பில் ஃபெல்ட்ஸ்பார். லேசாக நீலம் ஓடிய சாம்பல் நிறத்தில் குவார்ட்ஸ். நடுநடுவே கருப்பாக, தகடு தகடாக மைக்கா. மைக்காவைப் பார்த்ததும் அம்மா முகம் மலர்ந்துவிட்டது. "காக்காப்பொன்னு!" சின்ன வயதில் கருங்கல் ஜல்லிக் குவியலில் தேடித் தேடிப் பொறுக்கிப் புத்தகத்துக்குள் வைத்திருப்போமே, அதே காக்காப்பொன்தான். இந்த மூன்றும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. ஃபெல்ட்ஸ்பார் தண்ணீர் பட்டுப் பட்டுக் காலப்போக்கில் களிமண்ணாகும். மைக்கா ஏடு ஏடாகப் பிரியும். குவார்ட்ஸ் எதற்கும் அசையாமல் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் தேய்ந்தாலும் இந்தக் கல் வழவழப்பாகாது. உளியே படாமல் கொத்திக்கொண்டிருக்கும் அம்மி இது.

கல்லின் வயது சுமார் 50 கோடி ஆண்டுகள். பூமிக்கு அடியில் ஆழத்தில் உருகிய குழம்பாக மேலேறி, வெளியே வராமல் உள்ளேயே மெல்ல மெல்ல ஆறி இறுகியது. மெல்ல ஆறியதால்தான் இந்த மூன்று மணிகளும் கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரிதாக வளர நேரம் கிடைத்தது. அப்புறம் மேலிருந்த மலையெல்லாம் அரித்துப்போய், சுமை குறையக் குறையக் கல் விரிந்து வெங்காயத்தோல் மாதிரி ஏடுவிட்டு, குறுக்கும் நெடுக்குமாக வெடித்தது. வெடிப்புகளில் தண்ணீர் இறங்கி மூலைகளை முதலில் கரைத்தது, ஏனென்றால் மூலையை மூன்று பக்கத்திலிருந்தும் தாக்கலாம். இப்படிச் சதுரமாக இருந்த கட்டிகள் உருண்டையாகி, சுற்றியிருந்த தூள் போய், இந்த அண்டாவின் முதுகில் தனித்தனியாக உட்கார்ந்துவிட்டன. யாரும் உருட்டிக்கொண்டுவந்து வைக்கவில்லை. எல்லாமே இருந்த இடத்தில் மிஞ்சியவை.

ஆனால் நான் இந்தப் பாறைக்காக ஆறு மணி நேரம் கேட்டதற்குக் காரணம் வெளித்தோற்றம் இல்லை. தயவுசெய்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை. அஞ்சலட்டைக் கோணத்தில் நின்று படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பெரிய கட்டிகளில் பல உள்ளே குடைந்தவை. குனிந்து போனால் நாலு பேர் நிற்கிற அளவுக்கு உள்ளே இடம் இருக்கிறது. கூரை பானையின் உட்பக்கம் மாதிரி வளைந்து, அதில் மேலும் சின்னச் சின்னக் குழிகள், குழிக்குள் குழி என்று தேன்கூடு மாதிரி. வெளியே காற்று காதைக் கிழிக்கும், உள்ளே வந்ததும் நம் மூச்சு நமக்குக் கேட்கும்.

காற்றும் அலையும் செதுக்கியது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உள்ளே நின்று யோசித்தால் அந்தக் கணக்கு இடிக்கிறது. அலை அறுபது மீட்டருக்குக் கீழே இருக்கிறது. காற்று நேராக அறைகிற வெளிப்பக்கம் கெட்டியாக இருக்கிறது. காற்றே படாத உட்பக்கம்தான் உதிர்கிறது. அம்மா கூரையை விரலால் லேசாகத் தடவினாள். பொலபொலவென்று நாலைந்து மணி உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது.

"இது உப்பரிச்ச செவுரு" என்றாள்.

எங்கள் பழைய வீட்டின் பின்கட்டுச் சுவர் அப்படித்தான் இருந்தது. அடியில் ஒரு முழ உயரத்துக்கு வெள்ளையாகப் பூத்து, பொரிந்து, எத்தனை தடவை பூசினாலும் உதிர்ந்துகொண்டே இருக்கும். மழை நேராக அடிக்கிற மேல்சுவர் நன்றாக இருக்கும். இங்கேயும் நடப்பது அதுதான், செங்கல்லுக்குப் பதில் கருங்கல். கடலிலிருந்து வரும் உப்புத்தூறல் பாறையின் நுண்ணிய துளைகளுக்குள் இறங்குகிறது. தண்ணீர் ஆவியாகிப் போனதும் உப்பு உள்ளேயே படிகமாகிறது. படிகம் வளர இடம் வேண்டும், பக்கத்து மணியைத் தள்ளுகிறது. நனைவதும் காய்வதுமாக இது திரும்பத் திரும்ப நடந்து, ஒருநாள் அந்த மணி பிடிவிட்டு விழுந்துவிடுகிறது. பாறையின் வெளிப்பக்கத்தில் படிகிற உப்பை மழை அவ்வப்போது கழுவிவிடும். நிழலான அடிப்பக்கத்தை மழை தொடுவதில்லை. ஈரம் நின்று காய்கிறது, உப்பு சேர்ந்துகொண்டே போகிறது. ஒரு சின்னக் குழி விழுந்துவிட்டால் அதுவே தனக்கு நிழலாகி, இன்னும் வேகமாக ஆழமாகிறது. இப்படித்தான் இவ்வளவு பெரிய கல் வெளியே கெட்டியான ஓடாகவும் உள்ளே வெற்றிடமாகவும் ஆகியிருக்கிறது. கழுகின் மூக்கும் தலைக்கவசமும், உள்ளே கரைந்து போனபிறகு எஞ்சிய ஓடுகள்தான்.

அம்மா கையில் இருந்த மணிகளை நான் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். ஒரு சிவப்பு, இரண்டு சாம்பல், ஒரு துளி காக்காப்பொன். "இத எடுத்துட்டுப் போகக் கூடாதுல்ல?" என்று கேட்டாள். கூடாது, தேசியப் பூங்கா. அவள் திரும்ப உள்ளே போய், உதிர்ந்த இடத்துக்கு நேர்க் கீழே, ஏற்கெனவே குவிந்திருந்த மணலில் கையைத் தட்டிவிட்டு வந்தாள்.

வெளிப்பக்கத்துக்கு அந்த ஆரஞ்சு நிறம் கொடுப்பது கல் இல்லை. அது கல்லின்மேல் வளர்கிற ஓர் உயிர். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஒரே உடம்பாக வாழ்கிற லைக்கன். அம்மா அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இது கல்பாசியா?" என்று கேட்டது என்னை அப்படியே நிறுத்திவிட்டது. ஆமாம். குருமாவுக்கும் கோழிக்குழம்புக்கும் எண்ணெயில் தாளிக்கிற கல்பாசியும் ஒரு லைக்கன்தான், இதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். நான் அத்தனை வருடம் அதைச் சமையலில் போட்டிருந்தும், இந்த இரண்டையும் சேர்த்து யோசித்ததே இல்லை. அம்மா குனிந்து மூக்கை வைத்து மோந்து பார்த்து, "வாசமே இல்ல" என்று சொல்லிவிட்டாள். மத்தியானம் தாண்டி வெயில் சரிந்ததும் அந்த நிறம் மஞ்சளிலிருந்து செம்மஞ்சளுக்கு மாறியது. பாறையின் தென்பக்கத்தைவிட வெயில் படுகிற பக்கத்தில்தான் அன்றைக்கு அதிகமாகக் கண்ணில் பட்டது.

பன்னிரண்டு மணிவாக்கில் பேருந்துகள் வந்தன. ஒரு மணிக்குப் போய்விட்டன. அதற்கப்புறம் ஒரு மணி நேரத்துக்கு அந்த அண்டாவின்மேல் நாங்கள் இருவர் மட்டும். புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம். கடல் பக்கம் இறங்க வேண்டாம் என்ற எச்சரிக்கைப் பலகைகளை அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். இந்தப் பாறையின் சரிவு திடீரென்று விழுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்கிறது. எந்த அடியில் திரும்ப முடியாமல் போகிறது என்பது கால்களுக்குத் தெரியாது. கீழே பிடித்து ஏற எதுவும் இல்லை.

சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு, "இது எந்தத் திசை?" என்று கேட்டாள் அம்மா.

"தெற்கு."

"இதுக்கு அங்கிட்டு என்ன ஊரு?"

"ஊரு இல்லம்மா. கடல்தான். அதத் தாண்டினா அண்டார்டிகா. பனி."

தெற்கு நம் வீடுகளில் சும்மா ஒரு திசை இல்லை. போனவர்கள் இருக்கிற பக்கம். தென்புலத்தார் என்று அவர்களுக்குப் பெயரே இருக்கிறது. அம்மா புடவைத் தலைப்பைத் தோளோடு போர்த்திக்கொண்டு தெற்கே பார்த்து உட்கார்ந்துவிட்டாள். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

இந்தத் தீவுக்கு எதிர்க்கரைப் பூர்வகுடிகள் வழங்கும் பெயர் கார்ட்டா பிண்டிங்கா. இறந்தவர்களின் தீவு என்று பொருள். நாரிஞ்ஜெரி மக்களின் கதையில் நுருந்தெரி என்ற ஆதி முன்னோர், தன்னைவிட்டு ஓடிய இரண்டு மனைவியரைத் துரத்திவந்தபோது, அவர்கள் நடந்தே தீவுக்குக் கடந்துகொண்டிருந்தார்கள். அவர் குரல் கொடுத்ததும் கடல் பொங்கி அவர்களை மூழ்கடித்தது. நாங்கள் கப்பலில் கடந்த நீரிணையின் கிழக்குப் பக்கம் இருக்கும் பேஜஸ் பாறைத்தீவுகள்தான் அந்தப் பெண்கள். பிறகு நுருந்தெரி இந்தத் தீவுக்கு வந்து, இங்கிருந்து வானத்துக்குப் போனார். நடந்தே கடந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்னால் கடல்மட்டம் உயர்ந்து இந்தத் தீவு பெருநிலத்திலிருந்து பிரிந்தது. தீவில் பழைய கல்கருவிகள் கிடைத்திருக்கின்றன. மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். ஆங்கிலேய மாலுமி மேத்யூ ஃபிளிண்டர்ஸ் 1802 மார்ச்சில் வந்து இறங்கியபோது யாரும் இல்லை.

மனிதரையே அறியாத கங்காருகள் கூட்டம் கூட்டமாக நின்று பார்த்தன, ஓடவில்லை. அன்று அவருடைய ஆட்கள் 31 கங்காருகளைக் கொன்றார்கள். நெடுநாள் புதுக்கறி காணாதவர்களுக்குக் கிடைத்த அந்த விருந்துக்கு நன்றியாகத்தான் கங்காரு தீவு என்ற பெயர். அடுத்த வருடம் பிரெஞ்சு மாலுமி நிக்கோலா போதேனும் இந்தப் பக்கம் வந்தார். பக்கத்து முனையான கேப் டு குவெடிக் உட்பட இந்தக் கரையில் பிரெஞ்சுப் பெயர்கள் இருப்பது அதனால்தான். அதன் பிறகு சீல் வேட்டைக்கு வந்தவர்கள் பூர்வகுடிப் பெண்களைக் கடத்திவந்து இந்தத் தீவில் வைத்திருந்தார்கள். இறந்தவர்களின் தீவு என்ற பெயரோடு அதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது. 1919இல்தான் இந்த மேற்குக் கோடி சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடமானது.

இதில் எதையும் அப்போது அம்மாவிடம் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். இந்தக் கல் இறுகியபோது நடுவில் இந்தக் கடல் இல்லை. ஆஸ்திரேலியா, அண்டார்டிகா, நம் இந்தியா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக இருந்தன. இந்தக் கல் பிறந்த மலைத்தொடரின் தொடர்ச்சி இன்றைக்கும் அண்டார்டிகாவில் இருக்கிறது, பனிக்குள்.

அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அப்ப இதோட மிச்சம் அங்கிட்டு இருக்குது" என்றாள். அவ்வளவுதான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, கட்டைவிரல் பக்கமாகச் சரித்துக் கல்லின்மேல் விட்டாள். தண்ணீர் சொரசொரப்பில் தயங்கித் தயங்கி இறங்கி, ஒரு சாண் போனதும் காய்ந்துவிட்டது.

மூன்று மணிக்குக் கிளம்பி, போகிற வழியில் கேப் டு குவெடிக்கில் நிறுத்தினோம். 1899இல் இந்தக் கரையில் லாக் ஸ்லாய் என்ற கப்பல் மோதி 31 பேர் போனார்கள். அதற்குப் பிறகும் சில கப்பல்கள் போன பிறகு 1909இல் இந்தக் கலங்கரை விளக்கத்தை ஏற்றினார்கள். கீழே அட்மிரல்ஸ் ஆர்ச் என்ற பாறை வளைவுக்கடியில் நீள்மூக்கு ஃபர் சீல்கள் நனைந்த கம்பளி மூட்டைகள் மாதிரிப் படுத்திருந்தன. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அம்மாவின் மனம் அங்கே இல்லை. வண்டியில் ஏறியதும், "நாளைக்குக் காலையில மறுபடி அந்தக் கல்லுக்கே போவமா?" என்று கேட்டாள். கப்பல் மறுநாள் சாயங்காலம்தான். கோலா பார்க்க, கடற்கரை பார்க்க என்று நான் எழுதி வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டேன்.

மறுநாள் நாங்கள் நடைபாதையின் முடிவுக்கு வந்தபோது தென்மேற்கே கடல்மேல் ஒரு சாம்பல் திரை இறங்கி வந்துகொண்டிருந்தது. நனைந்த கல்லில் அம்மாவை நடக்கவிட எனக்கு மனமில்லை. நடைபாதைக்கு மிகப் பக்கத்தில் இருந்த குடைந்த பாறைக்குள் அவளை அழைத்துப் போய் உட்கார வைத்தேன். இரண்டு நிமிடத்தில் மழை பிடித்தது. சாய்ந்து அடித்த மழை. எங்களுக்கு முன்னால் அண்டாவின் முதுகு முழுக்கத் தண்ணீர் ஓடியது. லைக்கன் நனைந்து, முந்தின நாள் மாலையில்கூடப் பார்க்காத ஒரு குங்குமப்பூ நிறத்துக்கு வந்தது. பாறையின் வெளிவிளிம்பில் வழிந்த தண்ணீர் வளைந்து உள்ளே வரப்போகிற மாதிரி வந்து, விளிம்பிலேயே சொட்டிவிட்டது.

அம்மா எழுந்து நின்று, ஒரு கையை வெளியே நீட்டி ஓட்டின்மேல் வைத்தாள். அது நனைந்து வழிந்தது. இன்னொரு கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கூரையில் வைத்தாள். "இங்க ஒரு சொட்டு இல்ல பாரு" என்று சொல்லி என் கையையும் பிடித்து மேலே வைத்தாள். காய்ந்து, லேசாகப் பொடிந்து, விரல் நுனியில் உப்புப் பிசுபிசுப்பாக இருந்தது. மழை விடும்வரை அப்படியே நின்றோம்.